அத்தானின் கைத்துவக்கு

அக்கா இறந்தது தை மாதத்தில். எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர்களை அடக்கம் செய்யும் சேமக்காலையில் பனிக்காலத்தில் குழி வெட்டுவதில்லை. நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும். சவப்பெட்டியை அங்கேயுள்ள ஒரு கற்கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வைகாசியில் மண் இளகிய பிறகுதான் அடக்கம். இது எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும்; எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போய்வந்தவர். ஆனாலும் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் கோப்பியும் குடித்துச் சனம் கலைந்த பிறகு, குளிர்ச்சட்டையைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அப்ப கொக்கா இப்ப எங்கயடா இருக்கிறாள்?"

என் அக்காவைத்தான் கேட்டார்; நான் சேமக்காலையின் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அத்தான் மன்னார்ப் பக்கத்து ஆள். அக்காவைக் கட்டி, இந்த நகரத்துக்கு என்னைவிடப் பல வருடம் முந்தி வந்து, மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அங்கேதான். நான் அதே துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுகிறேன். அவருக்கும் அக்காவுக்கும் மொன்றியலுக்கு அடுத்த லவாலில் சொந்த வீடு. ஒரே மகள். நான் மனைவியோடு மொன்றியல்-நோரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் நாங்கள் சனிக்கிழமைகளில் துவக்குச் சுடப் போனோம் என்றால் நம்பமாட்டார்கள். நாங்களும் வெளியில் சொன்னதில்லை.

அதைத் தொடக்கிவைத்தது அத்தானுடைய களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக இருந்த ஒரு கியூபெக்காரர். லவாலுக்கு வடக்கே காட்டுப்பக்கமாக உள்ள ஒரு சுடும் கழகத்தில் அவர் உறுப்பினர். ஒருநாள் அத்தானை விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனார். அத்தான் திரும்பி வந்து ஒரு கிழமை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "வகுப்பு ஒண்டு எடுக்கவேணும். நீயும் வாறியோ?" என்றார்.

கனடாவில் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கும்போது மனைவிக்கும் தெரியவேண்டும், விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்து வைக்கவேண்டும். என் மனைவி, "என்ன கூத்தோ ஆடுங்கோ" என்று வைத்துவிட்டாள். அக்கா பேனையைக் கையில் பிடித்தபடி சாப்பாட்டு மேசையில் நெடுநேரம் இருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, இதுக்குத் தப்பித்தானே இவ்வளவு தூரம் ஓடிவந்தனாங்கள்?"

"ஓம்," என்றார் அத்தான். "இவ்வளவு காலமும் அதின்ர வாய்ப் பக்கத்தை மட்டும்தான் பாத்தனான். ஒருக்கா மற்றப் பக்கத்தில நிண்டு பாக்கவேணும் போல கிடக்கு. வேற ஒண்டுமில்லை."

"பாத்து?"

"பாத்தாப் பேந்து சரி."

அக்கா கையெழுத்து வைத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மாதாவின் படம் இருக்கும் தளத்துக்கு அந்தச் சாமான் ஏறக்கூடாது. பேஸ்மென்டோடு நிற்கவேண்டும். அத்தான் பேஸ்மென்டில் நிலத்தோடு ஆணி அடித்து ஒரு இரும்பு அலமாரி பூட்டினார். அக்கா உடுப்புத் தோய்க்க அங்கே இறங்கும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டியபடிதான் நிற்பாள்.

அந்தக் காலத்தில் கைத்துவக்கு வாங்க முடிந்தது. நாங்கள் வாங்கிக் கொஞ்சக் காலத்தில் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. வைத்திருப்பவர்கள் வைத்திருக்கலாம், இன்னொருவருக்கு விற்கவோ பிள்ளைக்குக் கொடுக்கவோ முடியாது. ஆளுக்கொன்று வைத்திருந்தோம். சனிக்கிழமை காலையில் அத்தான் தன்னுடையதைக் காரில் ஏற்றும் விதம் எனக்கு மனப்பாடம். உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பார், விரலாலும் தடவிப் பார்ப்பார். விசையில் ஒரு பூட்டுப் போடுவார். அதைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டிக்கும் பூட்டு. பெட்டி டிக்கிக்குள். குண்டுகள் வேறொரு பெட்டியில். அனுமதிப் பத்திரங்கள் சட்டைப் பையில். என்னுடைய பெட்டியையும் திறக்கவைத்து, ஒருமுறை பார்த்துத்தான் பக்கத்தில் வைப்பார்.

வீட்டிலிருந்து கழகத்துக்கு நேர்வழி. திரும்பி வரும்போதும் நேர்வழி. வழியில் கோப்பிக்கு நிறுத்தினால் ஒருவர்தான் கடைக்குள் போகலாம், மற்றவர் காரில் இருக்கவேண்டும். டிக்கியில் பூட்டிவிட்டு இறங்கச் சட்டம் விடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சட்டம் விடும். கார்க் கள்ளன் விடுவானோ?" என்றார். எங்கள் பக்கத்தில் கார்கள் பட்டப்பகலில் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அவர் சொன்னதில் பிழையில்லை.

ஒருமுறை நெடுஞ்சாலையில் பொலிஸ் எங்களை மறித்தது. அத்தான்தான் ஓட்டினார். பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். பொலிஸ்காரர் கண்ணாடிக்குக் கிட்ட வர முதலே அத்தான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்துவிட்டார். தான் மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சில், டிக்கிக்குள் இரண்டு கைத்துவக்கு இருக்கிறது, பூட்டியிருக்கிறது, கடதாசி எல்லாம் இருக்கிறது என்று, அவர் கேட்காமலே சொன்னார். பொலிஸ்காரர் பத்திரங்களை வாங்கிக்கொண்டு தன் காருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, விளக்கை மாற்றுங்கள், நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் காரை எடுக்கவில்லை.

"நீ ஓட்டு," என்றார். இறங்கி மற்றப் பக்கம் வந்து ஏறினார். கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னார். "பாத்தியோ, இறங்கு எண்டு சொல்லேல்லை. கையைத் தூக்கு எண்டு சொல்லேல்லை. 'மெஸ்யு' எண்டு, ஐயா எண்டு கூப்பிட்டவன்."

அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முந்தியும் காணவில்லை, பிந்தியும் காணவில்லை. சுடுவதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. கடதாசி இலக்கின் ஓரங்களில்தான் அவருடைய ஓட்டைகள் விழும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

அக்காவுக்கு வருத்தம் வந்தது அத்தான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம். வயிற்றுக்குள் புற்று. கண்டுபிடித்தபோதே பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் அத்தான் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்வார். சுடும் கழகத்துக்குப் போவது நின்றுபோனது. நானும் தனியே போகவில்லை. தை மாதத்தில் அவள் போய்விட்டாள்.

மகள் கொஞ்ச நாளைக்குத் தன் வீட்டையும் புருசனையும் விட்டுவிட்டுத் தகப்பனோடு வந்து தங்கினாள். ஒரு கார்டெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற வேலை அவளுக்கு. காலையில் போய் மாலையில் வருவாள். அத்தான் சமைத்துவைத்திருப்பார், தான் சாப்பிடமாட்டார். கோயிலுக்கு வந்தார், கடைசி வாங்கில் இருந்தார், பூசை முடிய முதலே எழும்பிப் போனார்.

மாசியில் ஒருநாள் நான் போனபோது வாசலில் அவருடைய பனிச் சப்பாத்து துடைத்துவைத்திருந்தது. நல்ல சப்பாத்து, அக்கா நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்தது.

"உனக்கு அளவாயிருக்குமோ பார்," என்றார்.

"உங்களுக்கு?"

"அடுத்த பனிக்கு எனக்குத் தேவைப்படாது."

அவர் மகளோடு போய், வாசல் பனியைத் தள்ள ஆட்கள் இருக்கிற அடுக்குமாடி ஒன்றில் குடியேறப்போகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சப்பாத்தை வாங்கிக்கொண்டு வந்து என் காருக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை, துறைமுக வாசலில் லொறியை வரிசையில் விட்டுவிட்டுக் காத்திருந்தபோது அக்காவின் மகள், என் மருமகள், கூப்பிட்டாள். அவள் என்னோடு எப்போதும் பாதிப் பிரெஞ்சில்தான் கதைப்பாள். அன்றைக்கு முழுக்கத் தமிழில் கதைத்தாள்.

"மாமா, நான் இண்டைக்கு நேரத்தோட வந்தனான். அப்பா பேஸ்மென்டில இருந்தவர். அந்தக் கறுப்புப் பெட்டியை மடியில வச்சுக்கொண்டு இருக்கிறார்."

"திறந்திருந்ததோ?"

"இல்லை, பூட்டித்தான். என்னப்பா செய்யிறியள் எண்டு கேக்க, துடைக்கப்போறன் எண்டார். துடைக்கிற துணி ஒண்டும் கையில இல்லை மாமா."

"நீ இப்ப எங்க?"

"வெளியில, காருக்குள்ள. எனக்கு அவரோட கதைக்கப் பயமாயிருக்கு. அது வீட்டில இருக்கக்கூடாது. தயவுசெய்து வாங்கோ."

லொறிச் சொந்தக்காரனிடம் ஏதோ சொல்லி, வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் காரில் லவாலுக்கு ஓடினேன். பின்இருக்கையில் அந்தச் சப்பாத்து கிடந்தது. அப்போதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

அத்தான் அதே இடத்தில் இருந்தார், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில். பெட்டியை அலமாரிக்குள் திருப்பி வைத்திருந்தார். கதவு திறந்தபடி. நான் அவருக்கு முன்னால் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். வழியெல்லாம் எப்படிச் சுற்றிவளைத்துக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது.

"அத்தான், நேர கேக்கிறன். நீங்கள் சாக யோசிக்கிறியளோ?"

அவர் மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓமெண்டு சொன்னா என்ன செய்வாய்?"

"இஞ்சயே இருப்பன். போகமாட்டன்."

"வேலை?"

"வேலை கிடக்கட்டும்."

பிறகு அவர் கதைத்தார். அக்காவைக் குழிக்குள் வைக்காமல், ஒரு கட்டடத்துக்குள், தெரியாத ஆட்களோடு அடுக்கிவைத்திருப்பதாகச் சொன்னார். அவள் தனியே இருந்து பழகாதவள். வைகாசிவரை அவளை அப்படி விட்டுவிட்டு, தான் சூடான வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டு இருப்பது அநியாயம் என்றார். யாரோ ஒரு அயலவனின் கதையைச் சொல்வதுபோல, சத்தம் உயராமல் சொன்னார். நான் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அவள் என் அக்கா. எனக்கும் அந்தக் கட்டடத்தின் நினைவு வராத நாள் இல்லை. அதை அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"சாவியளைத் தாங்கோ அத்தான்," என்றேன்.

இடுப்பில் இருந்த கொத்தைக் கழற்றி, விசைப் பூட்டின் சாவி, பெட்டியின் சாவி, அலமாரியின் சாவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். நான் அலமாரியைப் பூட்டினேன். மருமகளை உள்ளே கூப்பிட்டேன். அவள் வந்து தகப்பனின் காலடியில், சீமெந்து நிலத்தில் இருந்தாள். அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன்.

அடுத்த நாள் காலை தொலைபேசி எடுக்கத் தொடங்கினோம். அவர் பெயரில் பதிந்ததை என் வீட்டில் கொண்டுபோய் வைக்க நான் துணியவில்லை. என் பெயருக்கு மாற்றவும் புதிய சட்டம் விடாது. பொலிசிடம் கொடுத்துவிடுவது என்று அத்தானே சொன்னார். மறுமுனையில் இருந்த பெண், பொலிஸ் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போகும் என்றாள். அத்தானின் முகம் மாறிவிட்டது.

"வேண்டாம். பொலிஸ் வாகனம் என்ர வாசலில வந்து நிக்கவேண்டாம். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். ஒழுங்காக் குடுக்கிறன்."

அதற்குத் தனி அனுமதி வேண்டும். வழக்கமான அனுமதி கழகத்துக்குப் போய்வர மட்டும்தான். மருமகள் பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு, கெஞ்சி, அதை எடுத்துத் தந்தாள். அது வரும்வரை நானும் அவளும் மாறி மாறி அவரோடு இருந்தோம். அவரைக் குடும்ப வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போனாள்.

அனுமதி வந்த அன்று பனி கரைந்து தெருவெல்லாம் கறுத்த சேறு. அத்தான் ஷேவ் எடுத்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி நானே எல்லாவற்றையும் செய்தேன். அவர் பேஸ்மென்டுப் படியில் நின்று பார்த்தார். "விரலால பார்," என்றார். பார்த்தேன். காலியாக இருந்தது. விசையில் பூட்டு, பெட்டிக்குப் பூட்டு, பெட்டி டிக்கிக்குள். என் காரில், நான் ஓட்ட, அவர் பக்கத்தில். மருமகள் வீட்டு வாசலில் நின்றாள்.

கொஞ்சத் தூரம் போனதும் சொன்னார். "ஒருக்கா கொக்காவிட்டப் போட்டுப் போவம்."

"குடுத்துட்டுப் போவம் அத்தான்."

"இதால திரும்பினாக் கிட்டத்தானே."

"பெட்டி இருக்கேக்க ஏலாது. அனுமதி நேர்வழிக்குத்தான். உங்களுக்குத் தெரியாததே?"

நான் சட்டத்தைச் சொன்னேனே தவிர, என் மனதில் சட்டம் இருக்கவில்லை. அவரும், அந்தக் கற்கட்டடமும், டிக்கியில் இருக்கும் பெட்டியும் ஒரே இடத்தில் சேரக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவருடைய கையைப் பார்த்தேன். இரண்டும் முழங்காலின் மேல் விரித்தபடி இருந்தன.

பொலிஸ் நிலையத்தில் அவரைக் காரில் இருக்கவிட்டு நான் உள்ளே போய்ச் சொன்னேன். துவக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இளம் பெண் ஒருத்தி சீருடையில் என்னோடு வெளியே வந்தாள். டிக்கியைத் திறந்துவிட்டு விலகி நிற்கச் சொன்னாள். கையுறையைப் போட்டுக்கொண்டு, சாவிகளை வாங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நன்றாகப் பூட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றாள். அத்தான் இறங்கிவந்து பக்கத்தில் நின்றார்.

ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்கவேண்டிய கேள்வி என்பதால் கேட்டாள், கடுமையாகக் கேட்கவில்லை.

"மா ஃபாம் எ மோர்த்," என்றார் அத்தான். என் மனைவி இறந்துவிட்டாள்.

அந்தப் பெண் பெட்டியை மூடினாள். மெஸ்யு, இப்போது உங்களோடு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். ஒரு அட்டையை எடுத்து, எந்த நேரமும் இந்த இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். அத்தான் "மெர்சி" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் வைத்தார். பற்றுச்சீட்டை நான் வாங்கினேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடும்வரை அவர் நின்று பார்த்தார்.

பிறகு சேமக்காலைக்குப் போனோம். கட்டடத்தின் கதவு பூட்டியிருந்தது. படியில் பனி சறுக்கியது. அத்தான் கதவில் கையை வைத்தார். இரும்பின் குளிர் கையைக் கடித்திருக்கவேண்டும், உடனே எடுத்துவிட்டார். உள்ளே எங்கே எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாததால் நாங்கள் கதவைப் பார்த்தே செபம் சொன்னோம். பாதியில் அவருக்குச் சொல்லு வரவில்லை. மிச்சத்தை நான் சொன்னேன்.

எல்லாம் அதோடு சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த மாதம் முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. மருமகளிடம், "நீயும் மாமனும் சேந்து என்னை வருத்தக்காரனாக்கிப் போட்டியள்," என்று சொல்லியிருக்கிறார். வைத்தியர் கொடுத்த குளிசையால் எந்நேரமும் நித்திரை வருகிறது என்று கோபப்பட்டார். அடுத்த மாதம் ஒருமுறை தொலைபேசியில், துவக்கைப் பொலிஸ் உடைத்திருப்பார்களோ, உருக்கியிருப்பார்களோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வைத்துவிட்டார்.

வைகாசியில் அக்காவை அடக்கம் செய்தோம். மழை தூறியது. குழிக்குள் சவப்பெட்டி இறங்கும்போது அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மண் போட்டார், கையைத் துடைக்கவில்லை. ஃபாதர் போன பிறகும், சனம் போன பிறகும் நின்றார். மருமகள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எனக்கு அவரை அந்த நேரத்தில் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஆனால் அவர் திரும்பி வந்து, தானாகவே என் காரில் ஏறினார். பசிக்கிறது என்றார்.

என்னுடைய கைத்துவக்கோடு நான் அதன் பிறகு ஒரேயொரு சனிக்கிழமை கழகத்துக்குப் போனேன். டிக்கிக்குள் ஒற்றைப் பெட்டியாக இருந்ததால் வளைவுகளில் அது அங்கும் இங்கும் இழுபட்டு இடித்தது. போய் இலக்கின் முன்னால் நின்றேன். கை எழும்பவில்லை. சுடாமல் திரும்பி வந்தேன். அந்த வருடக் கடைசியில் கழக உறுப்புரிமையை நான் புதுப்பிக்கவில்லை. உறுப்புரிமை இல்லாமல் அதை வைத்திருக்கவும் முடியாது. அதையும் கொடுத்துவிட்டேன். என் மனைவி, "நல்ல காரியம்," என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் இப்போது மகளோடு இருக்கிறார். லவால் வீட்டில் வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். கொஞ்ச நேரம் கதைப்பார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் நான் வந்ததே தெரியாததுபோல் இருப்பார். மகளுக்கு இன்னும் பயம் இருக்கிறது. குளிசைகளைத் தன் அறையில் பூட்டிவைத்து, நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அவர் அதைக் கவனிக்காதவர்போல் வாங்கி விழுங்குகிறார்.

போன ஞாயிறு நான் புறப்படும்போது வாசல்வரை வந்தார். அது அவர் வழக்கமாகச் செய்வதில்லை. வெளியே ஐப்பசிக் குளிர். மரங்கள் எல்லாம் இலைகளைக் கொட்டிவிட்டிருந்தன. மகள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குப் பிள்ளை நேரத்தோட வராட்டில்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

"தெரியும் அத்தான்."

"அவளுக்குச் சொல்லாத."

"சொல்லமாட்டன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காரை எடுத்துத் தெருவில் திருப்பும்வரை அங்கேயே நின்றார். பிறகு கதவை மூடினார்.